லெகோ கட்டைகளால் ஒரு நிமிடப் படம்: மேசையில் எடுப்பதா, கணினியில் செய்வதா?

இந்த விடுமுறைக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். முதல் ஆள் கொக்குவிலில் இருக்கும் என் தங்கையின் மகள். ஸ்காபரோவில் இருந்து அவளுடைய பெரியப்பா அனுப்பிய பெட்டியில் வந்த கட்டைகள் ஒரு சாக்கு நிறைய இருக்கும். அதை வைத்துப் பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு குட்டிப் படம் செய்ய வேண்டுமாம். இரண்டாவது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் ஒரு தம்பி. கையில் ஒரு கட்டைகூட இல்லை, ஆனால் நல்ல லப்டொப் இருக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டைகளால் கட்டி அதற்குள் ஒரு கதையை ஓட விட ஆசை. மூன்றாவது, பருத்தித்துறைப் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு போன், பாடசாலைக் கணினி அறையில் ஐந்து பழைய மெஷின்.

மூன்று பேருக்கும் நான் வேறு வேறு பதில்தான் சொன்னேன். ஏன் அப்படி என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலாவதாகக் கேட்பவருக்கும் உதவும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பெரும்பாலானவர்கள் தொடங்குவது "எது பார்க்க வடிவாக இருக்கும்" என்ற இடத்திலிருந்து. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு வழியிலும் வடிவான படம் வரும், இரண்டு வழியிலும் மோசமான படமும் வரும். 2014இல் திரையரங்குகளுக்கு வந்த லெகோ முழுநீளப் படத்தைப் பார்த்த பலர் அது மேசையில் கட்டைகளை வைத்து எடுத்தது என்றே நினைத்தார்கள். அது ஏறக்குறைய முழுவதும் சிட்னியில் இருந்த அனிமல் லொஜிக் ஸ்டூடியோவில் கணினியில் செய்யப்பட்டது. கட்டையின் மேல் விரல் ரேகை, கீறல், மங்கல் எல்லாவற்றையும் வரைந்து சேர்த்திருந்தார்கள், புகையையும் கடல் தண்ணீரையும்கூடக் கட்டைகளாலேயே செய்தார்கள். கட்டைக்குரிய சட்டத்தை அவர்கள் எந்த இடத்திலும் மீறவில்லை, கண் நம்பியதற்குக் காரணம் அதுதான்.

நான் முதலில் கேட்பது: உங்கள் கதையில் என்னென்ன காட்சி வருகிறது? ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு காட்சியையும் ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டு பேர் தேநீர்க் கடையில் நின்று கதைக்கிறார்கள் என்றால் மேசை போதும். ரயில் வருகிறது, கமரா பறந்து போய்க் கோட்டையைச் சுற்றுகிறது, இருநூறு பேர் தேர் இழுக்கிறார்கள் என்றால் கணினிப் பக்கம் சாய வேண்டும்.

அடுத்தது, பிழைத்தால் திருத்த முடியுமா என்பது. மேசையில் ஆளைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் ஒரு படமாக எடுப்போம், 90ஆவது படத்தில் கை தட்டுப்பட்டால் அந்தக் காட்சியைத் திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டி வரும். கணினியில் அந்த ஒரு இடத்தை மாற்றிவிட்டு மெஷினை மறுபடி ஓட விடலாம்.

பிறகு, எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியும் என்பது, கரண்டும் டேட்டாவும் எவ்வளவு போகும் என்பது, கற்றுக்கொள்ள எத்தனை நாள் என்பது. கடைசியாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: பாதியில் நிறுத்தி இரண்டு கிழமை கழித்துத் தொடர முடியுமா? பரீட்சைக் காலம் வரும், வீட்டில் கொண்டாட்டம் வரும். மேசையில் கட்டி வைத்த கடைத்தெரு இரண்டு கிழமை அசையாமல் இருக்குமா என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது.

எந்த வழிக்கும் பொதுவான ஒரு கணக்கு: செக்கனுக்கு 24 படம் என்பது சினிமா வேகம். கட்டைப் படத்துக்கு 12 போதும், 15 என்றால் இன்னும் நல்லது. 12 என்று வைத்தால் 40 செக்கன் படத்துக்கு 480 படம், ஒரு நிமிடத்துக்கு 720. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள், ஏனென்றால் செலவு எல்லாம் இதோடு பெருக்கித்தான் வரும்.

## வழி ஒன்று: மேசை, கட்டை, போன்

பழைய வழி இது. டென்மார்க்கில் 1973இலேயே லார்ஸ் ஹாசிங், ஹென்றிக் ஹாசிங் என்ற இரண்டு உறவுக்காரப் பொடியன்கள் சூப்பர் 8 கமராவை வைத்து லெகோ கட்டைகளால் ஒரு சந்திரப் பயணப் படம் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்குப் போனில் ஸ்டொப் மோஷன் செயலி ஒன்றை இறக்கினால் முந்தின படத்தின் நிழலை மெலிதாகக் காட்டும். அதன் மேல் வைத்துப் பார்த்து ஆளை ஒரு துளி நகர்த்தி அடுத்த படத்தை எடுக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். முதல் நாளிலேயே பத்து செக்கன் படம் கையில் இருக்கும், அந்தச் சந்தோஷத்தைக் கணினி வழி முதல் நாளில் தராது.

இதன் மறைந்த செலவு வெளிச்சம்தான். நாங்கள் முதலில் எடுத்தது விறாந்தையில். காலை எட்டரைக்குத் தொடங்கினோம், வெயில் நேராக விழவில்லை, மேசை முழுக்க நல்ல வெளிச்சம், போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தோம். பதினொரு மணிக்குள் 160 படம். ஓட்டிப் பார்த்தால், கடை முன்னால் நிற்கும் இரண்டு பேர் பதின்மூன்று செக்கன் கதைத்து முடிப்பதற்குள் முற்றத்து முருங்கையின் நிழல் மேசையின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு ஓடிப் போகிறது. எடுக்கும்போது ஒருவர் கண்ணிலும் அது படவேயில்லை. முழுவதையும் திரும்ப எடுத்தோம்.

ஆகவே யன்னலைச் சாத்துங்கள், திரையை இழுங்கள், இரண்டு எல்இடி விளக்கை இரண்டு பக்கமும் வையுங்கள். பின்னேரத்தில் வோல்டேஜ் இறங்கும் வீடு என்றால் பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி விளக்கு நல்லது, வெளிச்சம் அசையாது. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சில மலிவான விளக்குகள் கமராவில் துடிக்கும். போனில் ஷட்டரை நீங்களே வைக்க முடிந்தால் ஐம்பதில் ஒரு செக்கன் என்று வைத்துவிடுங்கள். வெளிச்ச அளவு, போகஸ், நிறம் மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கை உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் போன் தன் பாட்டுக்கு வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும். படம் எடுக்கப் போனின் திரையைத் தொடாதீர்கள். வயர் இயர்போனைக் குத்தி அதன் சத்தப் பொத்தானை அமர்த்தினால் பெரும்பாலான போன்கள் படம் எடுக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள், பளபளப்பான கட்டையில் அந்த வெள்ளை வந்து போகும். மின்விசிறி கட்டாயம் நிற்க வேண்டும், அதாவது வைகாசி மாதத்து மத்தியானத்தில் இது நடக்காது.

அடுத்தது ஆட்கள். லெகோக் குட்டி ஆள் 1978இல் வந்த வடிவம், உயரம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். அசையும் இடங்கள் ஏழே ஏழு: தலை, இரண்டு தோள், இரண்டு மணிக்கட்டு, இரண்டு கால். முழங்கையும் மடங்காது, முழங்காலும் மடங்காது. நடக்க வைக்க ஒரு அடிக்கு நாலு படம் வேண்டும், நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும்போது கட்டையின் மேலுள்ள குமிழ் பிடிக்காது, சாய்ந்து விழும். பாதத்தின் கீழ் சின்னதாகப் புளூ டாக் என்ற ஒட்டுக்களி வைத்தால் நிற்கும். இங்கே கடைகளில் கிடைக்கும் மலிவான மாற்றுச் செட்டுகளில் கட்டைகள் சமாளிக்கும், ஆட்கள் சமாளிக்கமாட்டார்கள், கால் மூட்டு தளர்ந்திருந்தால் வைத்த இடத்தில் நிற்காது. நூறு கட்டை மாற்றுச் செட்டில் எடுத்தாலும் நடிக்கப் போகும் இரண்டு பேரை மட்டும் இறுக்கமான மூட்டு உள்ளவர்களாகத் தேடி எடுங்கள்.

வேட்டி கட்டிய ஒரு அப்பு வேண்டும் என்று மருமகள் (தங்கையின் மகள்) கேட்டாள். கால்களைக் கழற்றிவிட்டு, பாவாடைக்குப் பயன்படும் சாய்வுக் கட்டையில் வெள்ளை நிறத்தை வைத்தோம். அச்சு அசல் வேட்டி. ஆனால் அப்பு இனி நடக்க மாட்டார், வழுக்கிக்கொண்டு போவார். அவள் அவரைக் கதிரையில் இருத்திவிட்டாள். மேசை வழியில் கதையைக் கட்டைக்கு ஏற்ப இப்படித்தான் வளைக்க வேண்டி வரும், அது நல்ல பயிற்சியும்கூட.

இந்த வழி பொருந்துவது: கட்டை கையில் இருக்கிறது, கதை சின்னது, இடம் ஒன்று அல்லது இரண்டு, ஆட்கள் நாலு பேருக்குள், வீட்டில் ஒரு அறையை ஒரு கிழமைக்குப் பூட்டி வைக்க முடியும். பொருந்தாதது: கட்டைகளை இனித்தான் வாங்க வேண்டும் என்றால். ஒரு படத்துக்காக மட்டும் கட்டை வாங்கப் போனால் செலவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, தேவையான நிறம் எப்போதும் ஆறு குறைவாகத்தான் இருக்கும்.

## வழி இரண்டு: முழுவதும் கணினியில்

அதிகம் பேர் ஆசைப்படுவது இதற்குத்தான், அதிகம் பேர் பாதியில் விடுவதும் இதைத்தான்.

முதலில் கட்டைகள் எங்கிருந்து வரும்? ஒவ்வொன்றாக நீங்கள் செய்யத் தேவையில்லை. ஜேம்ஸ் ஜெசிமன் என்ற அவுஸ்திரேலியர் 1995இல் கட்டைகளைக் கணினிக் கோப்புகளாக வைக்கும் எல்ட்ரோ என்ற முறையைத் தொடங்கினார், இரண்டு வருடத்தில் இளவயதிலேயே காலமாகிவிட்டார். அவர் தொடங்கிய கட்டை நூலகத்தை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இன்றுவரை இலவசமாக வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 3001 என்ற எண்ணைத் தேடினால் நம் எல்லாருக்கும் தெரிந்த இரண்டுக்கு நாலு கட்டை வரும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர், கட்டை உயரம் 9.6, தட்டையான கட்டை 3.2, அதாவது மூன்று தட்டை ஒரு கட்டை. உண்மைக் கட்டையின் அளவு அப்படியே இருக்கும்.

இவற்றை வைத்துக் கட்டுவதற்கு மூன்று இடம் இருக்கிறது. ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம், லெகோ கட்டைகளுக்கான இணையச் சந்தையான பிரிக்லிங்க் தருவது, விண்டோசிலும் மக்கிலும் ஓடும், பழக மிகச் சுலபம். லியோகாட் இன்னும் இலேசானது, லினக்சிலும் ஓடும், பழைய மெஷினுக்கு நான் சொல்வது அதைத்தான். மெக்காபிரிக்ஸ் பிரவுசரிலேயே ஓடும், ஒன்றும் இறக்கத் தேவையில்லை, ஆனால் எந்நேரமும் இணைப்பு வேண்டும், டேட்டா கணக்குப் பார்த்துப் போடும் வீட்டுக்கு அது சரிவராது. கட்டியதை அசைக்கும் இடம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். அதுவும் இலவசம். எல்ட்ரோ கோப்பை உள்ளே எடுக்க இலவசத் துணைநிரல் இருக்கிறது, கட்டைகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி விடுவதா, ஓரங்களை மழுக்குவதா, குமிழ்களின் மேல் இருக்கும் லெகோ எழுத்தைப் போடுவதா என்று அதிலேயே கேட்கும். இடைவெளியையும் மழுக்கிய ஓரத்தையும் கட்டாயம் போடுங்கள். அந்த இரண்டும் இல்லாத சுவர் கட்டைச் சுவர் மாதிரி இருக்காது, நிறம் அடித்த சீமெந்துச் சுவர் மாதிரி இருக்கும். ஓரத்தில் விழும் அந்த மெல்லிய வெளிச்சக் கோடுதான் "இது பிளாஸ்டிக்" என்று கண்ணுக்குச் சொல்வது. குமிழ் எழுத்தை மட்டும் கமராவுக்குக் கிட்ட இருக்கும் கட்டைகளுக்கு விடுங்கள், முழுச் சுவருக்கும் போட்டால் மெஷின் திணறும்.

திருநெல்வேலித் தம்பியின் கோட்டைக்கு வருவோம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு இன்று நாம் பார்க்கும் ஐங்கோண வடிவத்துக்கு மாற்றினார்கள். ஐங்கோணத்தின் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. லெகோக் கட்டையோ 90 பாகைக்காகப் பிறந்தது. உண்மைக் கட்டையில் கீல் வைத்துச் சுவரைச் சாய்த்தால் சுவரின் மறுமுனை எந்தக் குமிழிலும் வந்து உட்காராது, அடியில் தாங்கு வைத்து, இடைவெளியை மறைத்து, ஐந்து மூலைக்கும் ஐந்து தடவை அந்தப் பாடு. கணினியில் ஒரு பக்கச் சுவரையும் ஒரு கொத்தளத்தையும் கட்டி, 72 பாகை வீதம் திருப்பி ஐந்து பிரதி எடுத்தால் கோட்டை முடிந்தது. அகழிக்கு ஒளி ஊடுருவும் நீலத் தட்டைகள், பவளக்கல் சுவருக்கு மண்ணிறமும் இளஞ்சாம்பலும் கலந்து. இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்குக் கணினி என்று சொன்னேன்.

அசைவு பற்றி ஒரு நல்ல செய்தி. முப்பரிமாண அனிமேஷன் பழகும் பிள்ளைகள் முதலில் மனித உருவத்தை எடுத்து, தோல் இழுபடுவதிலும் முழங்கை நசிவதிலும் மாதக்கணக்கில் மாட்டுப்படுவார்கள். லெகோ ஆளில் அது எதுவும் இல்லை. உள்ளே எடுத்தவுடன் தலை, உடல், கை, கால் தனித்தனித் துண்டுகளாக வரும். மணிக்கட்டைக் கையோடும், கையையும் தலையையும் உடலோடும், கால்களை இடுப்போடும் பிணைத்தால் ஏழு மூட்டு, ஏழு சுழற்சி. முதல் பாத்திரமாகப் பழக இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஆனால் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். பிளெண்டர் இரண்டு நிலைகளுக்கு நடுவில் தானாக வழுக்கி அசைக்கும், அப்படி விட்டால் ஆள் தண்ணீருக்குள் நடப்பது போல இருக்கும். படத்தின் வேகத்தை 12 என்று வைத்து, அசைவை "கொன்ஸ்டன்ற்" என்று மாற்றி, ஒவ்வொரு நிலையையும் நீங்களே வையுங்கள். அசையும் பொருளை மங்கலாக்கும் மோஷன் பிளர் வசதியையும் நிறுத்தி வையுங்கள். முழங்காலை மடக்க ஆசை வரும், மடக்கவே வேண்டாம். மேசையில் ஒரு கிழமையாவது உண்மை ஆளை நகர்த்திப் பழகியவர்கள் இதில் கெட்டிக்காரர்களாக வருவார்கள். ஒரு ஆள் திரும்பும்போது முதலில் தலை, அப்புறம் உடல் என்பது அவர்களுக்குக் கையில் இருக்கும்.

இனி மறைந்த செலவு. ரெண்டர் என்பது ஒவ்வொரு படத்தையும் மெஷின் கணக்குப் போட்டு வரைவது. பிளெண்டரில் இரண்டு இயந்திரம் உண்டு. சைக்கிள்ஸ் ஒளியை உண்மையாகக் கணக்குப் போடும், கட்டையின் பளபளப்பு அதில் அருமையாக வரும். ஈவி வேகமானது, கொஞ்சம் ஏமாற்று வித்தை. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்பில் ஒரு படத்துக்கு 3 நிமிடம் என்று வைத்தால் 480 படத்துக்கு 1440 நிமிடம், சரியாக 24 மணித்தியாலம். செக்கனுக்கு 24 படம் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு நாள். ஈவியில் படத்துக்கு 10 செக்கன் என்றால் 80 நிமிடத்தில் முடிந்துவிடும். கரண்ட் பில் நினைக்கும் அளவுக்கு இல்லை: 60 வாட் லப்டொப் 24 மணித்தியாலம் ஓடினால் ஒன்றரை யூனிட்கூட வராது. 300 வாட் இழுக்கும் டெஸ்க்டொப் என்றால் 7 யூனிட்டுக்கு மேல். நம் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால் மாதக் கடைசியில் அடுத்த படிக்குத் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போவதுதான் உண்மையான ஆபத்து. நான் முதன்முதலாக முப்பது செக்கன் படம் ஒன்றை இரவு முழுவதும் ஓட விட்டேன், நேரே வீடியோவாகவே எழுதும்படி. விடியப்புறம் மூன்று மணியளவில் கரண்ட் போனது. டெஸ்க்டொப், யுபிஎஸ் இல்லை. காலையில் ஒரு கோப்பு இருந்தது, எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை, ஏழு மணித்தியால வேலை. அன்றிலிருந்து வீடியோவாக எழுதுவதே இல்லை. ஒவ்வொரு படமும் தனித்தனி பிஎன்ஜி கோப்பாக ஒரு ஃபோல்டருக்குள் போகட்டும். "ஓவர்ரைட்" என்ற குறியை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி அமர்த்தினால், இருக்கும் படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வீடியோ ஆக்க சில நிமிடம்தான்.

பிளெண்டருக்கு ஆகக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், கோட்டை மாதிரிப் பெரிய கட்டுமானம் என்றால் 16 இல்லாமல் இறங்காதீர்கள். லப்டொப்பை மெத்தையில் வைத்து ரெண்டர் ஓட விடாதீர்கள், மேசையில் வைத்துப் பின்பக்கத்தை ஒரு புத்தகத்தின் மேல் உயர்த்தி, அருகில் விசிறியைப் போடுங்கள் (இந்த வழியில் விசிறி போடலாம்). ஷீப்இட் என்று ஒரு கூட்டு ரெண்டர் வசதி இருக்கிறது: மற்றவர்களின் படத்தை உங்கள் மெஷின் வரைந்து கொடுத்தால் உங்கள் படத்தை அவர்களின் மெஷின்கள் வரையும். காசு இல்லை, ஆனால் கோப்பு ஏற்றவும் படங்களை இறக்கவும் டேட்டா போகும்.

கற்றுக்கொள்ளும் காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஸ்டூடியோ ஒரு பின்னேரம். பிளெண்டரில் ஆள் நடந்து வந்து கை அசைக்கும் அளவுக்கு வர, தினம் ஒரு மணித்தியாலம் இருந்தால் ஒரு மாதம் எடுக்கும். கண்காட்சி மூன்று கிழமையில் என்றால் இதைத் தொடங்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன்.

## வழி மூன்று: பாதி மேசை, பாதி கணினி

ஆட்களையும் முன்னால் இருக்கும் பொருட்களையும் மேசையில் எடுப்பது, வானம், தூரத்துக் கட்டடம், ரயில், முகபாவம் போன்றவற்றைக் கணினியில் சேர்ப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் இதை முழுப் படத்துக்கும் சொல்ல மாட்டேன், இரண்டு வேலைக்கு மட்டும் சொல்வேன்.

ஒன்று, தாண்டுவதும் பறப்பதும். ஆளைப் பின்னாலிருந்து ஒரு நீளக் கட்டையால் தாங்கிப் பிடித்துப் படம் எடுங்கள், அதே இடத்தை ஆளே இல்லாமல் வெறுமையாகவும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டையும் மேலே மேலே வைத்துத் தாங்கிய கட்டையை அழித்தால் பின்னால் வெறும் இடம் தெரியும், ஆள் அந்தரத்தில் நிற்பார். படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளிலேயே செய்யலாம். இரண்டு செக்கன் தாவலுக்கு 24 படம், ஒரு பின்னேர வேலை.

மற்றது முகம். முகம் அச்சிடாத வெற்றுத் தலையைப் போட்டு எடுத்து, கண்ணையும் வாயையும் கணினியில் வைப்பது. ஆள் அசையாமல் நின்று கதைக்கும் காட்சிக்கு இது மிக அழகாக வரும்.

பச்சைத் துணி வைத்துப் பின்னணியை மாற்றும் யோசனையோடு பலர் வருவார்கள். கட்டை பளபளப்பானது, பச்சை எல்லாம் அதன் ஓரத்தில் வந்து ஒட்டும், அடித்தட்டும் பச்சை என்றால் தரையே காணாமல் போகும். பின்னணியைப் பெரிய நிறப் பிரிண்ட் எடுத்து மேசைக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி ஒட்டிவிடுங்கள், போகஸ் விலகி மங்கலாகத் தெரியும், கண் அதை ஏற்றுக்கொள்ளும். மறைந்த செலவு இந்த வழியில் பொறுமைதான். மேசையின் திரும்ப எடுக்கும் பாடும் உண்டு, கணினியின் இருந்து இழைக்கும் பாடும் உண்டு, 480 படத்துக்கும் வெட்டி ஒட்ட வெளிக்கிட்டால் படம் முடியாது.

## இன்னும் இரண்டு, சுருக்கமாக

ஸ்டூடியோ மென்பொருளிலேயே ஒரு சின்ன அனிமேஷன் வசதி இருக்கிறது: நீங்கள் கட்டியது கட்டை கட்டையாக வந்து பொருந்துவது போலக் காட்டும். கதை சொல்ல முடியாது. ஆனால் படத்தின் தொடக்கத்தில் கோட்டை தானாக எழும்புகிற எட்டு செக்கனுக்கு பிளெண்டரைத் தொடவே தேவையில்லை.

எழுதிக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் ஏஐ வசதிகளையும் கேட்கிறார்கள். நான் பார்த்தவற்றில் ஆள் திரும்பும்போது குமிழ்களின் எண்ணிக்கை மாறுகிறது, இரண்டு கட்டை உருகி ஒன்றாகிறது. கட்டைப் படத்தின் உயிர் கட்டை கட்டையாகவே இருப்பதில்தான். அதோடு பிள்ளை எதையும் கட்டவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதை நான் சேர்க்கவில்லை.

எந்த வழியிலும் குரலை முதலில் பதியுங்கள். அலுமாரியைத் திறந்து உடுப்புகளுக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசினாலே எதிரொலி இல்லாமல் வரும். வசனம் எத்தனை செக்கன் என்று தெரிந்த பிறகு படம் எடுத்தால் ஐம்பது நூறு படம் மிச்சம். படத்தின் தலைப்பிலோ போஸ்டரிலோ நிறுவனத்தின் லோகோவைப் போடாதீர்கள், அது அவர்களின் வர்த்தகக் குறி.

## மூன்று பேருக்கும் சொன்னது

மருமகளுக்கு மேசை. சாக்கு நிறையக் கட்டை இருக்கும் வீட்டில் கணினியில் கட்டை தேடுவது நியாயமில்லை. நாற்பது செக்கன், ஒரே இடம், தேநீர்க் கடை. யன்னல் இல்லாத சாமான் அறையை அவளுடைய அம்மா ஒரு கிழமைக்கு ஒதுக்கிக் கொடுத்தார். முதல் நாள் மணிக்கு ஐம்பது படம் எடுத்தாள், மூன்றாம் நாள் தொண்ணூறு.

ரீச்சருக்கு நான் சொன்னது பிரித்துச் செய்யும் வழி. ஒரு போனைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், பத்துப் பேர் மேசையைத் தட்டுவார்கள். ஆறு பிள்ளைகள் மேசையில், இரண்டு இரண்டு பேராக முறை வைத்து. மற்ற ஆறு பேர் பழைய மெஷின்களில் லியோகாடில் ஆளுக்கொரு வீடு, கடை, பனைமரம் என்று கட்டட்டும், அவற்றைப் படமாக எடுத்துப் பின்னணிப் பிரிண்ட் ஆக்கலாம். பிறகு பிளெண்டர் பக்கம் போக மனம் வந்தால் அந்த ஐந்து மெஷினும் வீண் போகாது: எல்லாம் ஒரே நெட்வேர்க்கில் ஒரே ஃபோல்டருக்கு எழுதும்படி வைத்து, ஓவர்ரைட்டை எடுத்து "பிளேஸ்ஹோல்டர்" குறியைப் போட்டால், ஒரு மெஷின் தொட்ட படத்தை மற்றது தொடாமல் அடுத்ததை எடுக்கும். ஐந்து பழைய மெஷின் சேர்ந்து ஒரு நல்ல மெஷின் அளவுக்கு இழுக்கும்.

தம்பிக்குக் கணினி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. முதல் இரண்டு கிழமை கோட்டையைக் கட்டக் கூடாது. ஒரு ஆள், ஒரு அடித்தட்டு, ஒரு கதவு. ஆள் வந்து கதவைத் தட்டி, காத்திருந்து, திரும்பிப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பில் அவர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாலு தடவை அனுப்பினார், நாலு தடவையும் ஆள் விறைத்துக்கொண்டு நின்றார். ஐந்தாவதில் தலையை மட்டும் ஒரு தடவை பின்னால் திருப்பி, மூன்று படம் அப்படியே விட்டு, மறுபடி கதவைப் பார்க்க வைத்திருந்தார். கோட்டைச் சுவரின் முதல் பக்கத்தை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்.